டயரின் எடை எங்கே எழுதியிருக்கிறது?

சித்தூர் கடைத்தெருவில் சைக்கிள் டயருக்குப் பஞ்சம் இல்லை. கடை வாசலில் வளையம் வளையமாகத் தொங்கும். தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளுக்குப் போடுகிற 28 × 1½, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுகிற 26, சின்னக் குழந்தைகளின் 20, 16 என்று எதைக் கேட்டாலும் உடனே இறக்கித் தருவார்கள். கியர் சைக்கிளுக்கு 700சி-யில் 28 மில்லிமீட்டர் அகலம் வேண்டும், 32 வேண்டும் என்று கேட்டால்தான் கடைக்காரர் யோசிக்க ஆரம்பிப்பார். "ஆர்டர் போட்டு வரவழைச்சுத் தரேன் தம்பி, என்ன கம்பெனி வரும்னு மட்டும் சொல்ல முடியாது" என்பார். திருப்பதியில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் அகலம், கம்பெனி, ரகம் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிற அளவுக்கு அங்கேயும் சரக்கு இருக்காது. சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிற வேலை வந்தால் வாங்கி வரலாம். இல்லையென்றால் 517001 என்று பின்கோடு போட்டு ஆன்லைனில்தான்.

ஆன்லைனில் படம் இருக்கும். விலையும் தள்ளுபடியும் இருக்கும். நட்சத்திரம், என்றைக்கு வீட்டுக்கு வரும் என்ற தேதி, எல்லாம் இருக்கும். எடை மட்டும் இருக்காது. அப்படியே ஓர் எண் இருந்தாலும் அது டயருடைய எடையாக இருக்காது. எனக்கு இது பல வருஷமாக உறுத்துகிற விஷயம். ஏன் அந்தத் தகவல் கிடைப்பதில்லை, எங்கே தேடினால் கிடைக்கும், கிடைத்தால் அதை வைத்து என்னென்ன தெரிந்துகொள்ளலாம் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான்.

எங்கள் ஊரில் நான் வழக்கமாகப் போகிற சைக்கிள் கடைப் பெரியவரிடம் ஒருமுறை, "ஐயா, இந்த டயர் என்ன எடை இருக்கும்?" என்று கேட்டேன். அவர் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பழைய டயர்தான் தம்பி எடைக்குப் போகும். புது டயருக்கு யாரு எடை பாக்குறாங்க?" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. தேய்ந்த டயரைப் பழைய சாமான் கடையில் கிலோ கணக்கில் போடுகிறோம். புதிதாக வாங்கும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் வாங்குகிறோம். சட்டமும் இதே வழியில்தான் போகிறது.

பொட்டலப் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011-இல் வந்தன. தயாரித்தவர் பெயர், நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு என்று பொட்டலத்தின் மேல் என்னென்ன எழுத வேண்டும் என்று அவை சொல்கின்றன. இதில் நிகர அளவு என்பதை எடையாகவோ, நீள அகல அளவாகவோ, எண்ணிக்கையாகவோ சொல்லலாம். அரிசியை எடையில் விற்பதால் அரிசிப் பையில் கிலோ. டயரை எண்ணிக்கையில் விற்பதால் டயர் அட்டையில் வெறும் 1. 2018 ஜனவரி 1 முதல் இந்த விவரங்களில் பெரும்பாலானவற்றை இணைய விற்பனைப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்று ஆயிற்று. அதனால்தான் பக்கத்தின் அடியில் 'நிகர அளவு: 1' என்று பார்க்கிறோம். விற்பவர் அதோடு நிறுத்திக்கொண்டால் சட்டப்படி அவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எடையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கேட்கிற ஆட்களும் குறைவு.

அப்படியானால் சில பக்கங்களில் 'பொருளின் எடை: 1 கிலோ' என்று வருகிறதே, அது என்ன? அது பெரும்பாலும் பார்சலுக்காக நிரப்பிய கட்டம். சரக்கைத் தளத்தில் ஏற்றுகிறவர் ஒரு படிவத்தை நிரப்புகிறார். அதில் எடைக்கு ஓர் இடம் உண்டு. காலியாக விட முடியாது. கூரியர் கட்டணம் அதை வைத்துத்தான் கணக்காகும். கூரியர்காரர்களுக்கு இன்னொரு எடையும் உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருகிற 'கன அளவு எடை'. உண்மையான எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு.

டயரை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். உள்ளே எஃகுக் கம்பி வைத்த 700சி டயரை அப்படியே வட்டமாக அட்டையில் வைத்து அனுப்பினால் 70 × 70 × 5 சென்டிமீட்டர். வகுத்தால் 4.9 கிலோ! அதையே முறுக்கி மூன்று சுற்றாக்கிக் கட்டினால் பாதியாகக் குறையும். கம்பி இல்லாத, மடிக்கிற டயராக இருந்தால் 20 × 12 × 8 சென்டிமீட்டர் பெட்டியில் அடங்கிவிடும். 400 கிராமுக்கும் கீழே. டயர் தராசில் 350 கிராமே இருந்தாலும், எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்துப் பக்கத்தில் தெரிகிற எண் நானூறு கிராமாகவும் இருக்கலாம், ஐந்து கிலோவாகவும் இருக்கலாம். விற்பவர் உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கட்டத்தில் அவர் எழுதியது கூரியர்காரருக்கான பதில். நாம் அதை நமக்கான பதிலாகப் படிக்கிறோம்.

சரி, எடை தெரிந்து என்ன ஆகப்போகிறது? இதைப் பலர் கேட்கிறார்கள். "நீங்க என்ன ரேஸுக்கா போறீங்க?" என்பார்கள். நான் ரேஸுக்குப் போகிறவன் இல்லை. சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதி போகிற 70 கிலோமீட்டர் சாலைதான் என் சாலை. மனசு வந்தால் எதிர்த்திசையில் பங்காருபாளையம் தாண்டி மொகிலி மலைச்சாலையில் ஏறி பலமநேர். எனக்கு எடை தேவைப்படுவது டயரின் உடம்பைத் தெரிந்துகொள்ள.

ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். 28 மில்லிமீட்டர் டயரை ஓரிடத்தில் வெட்டி, தரையில் விரித்துப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 210 சென்டிமீட்டர் சுமார், அகலம் 7 சென்டிமீட்டர் சுமார். ரப்பர் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். ஆக, சராசரியாக ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறக்குறைய 160 கிராம் வருகிறது. 240 கிராம் டயர் என்றால் சராசரித் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர். 480 கிராம் என்றால் மூன்று மில்லிமீட்டர். கம்பி வைத்த டயராக இருந்தால் அந்தக் கம்பிக்கே 50 முதல் 100 கிராம் கழித்துக்கொள்ளலாம். இரண்டு டயருக்கும் படம் ஒன்றுபோலவே இருக்கும். கறுப்பு வட்டம், மேலே பளபளப்பான எழுத்து. தடிமன் படத்தில் தெரியாது. எடையில் தெரிந்துவிடும். கையில் எடுத்து விரலால் பிதுக்கிப் பார்க்க வழியில்லாத இடத்தில், விரலின் வேலையைச் செய்கிற ஒரே எண் அதுதான்.

தடிமன் தெரிந்தால் இரண்டு விஷயம் புரியும். முதலாவது, டயர் எவ்வளவு சுலபமாக உருளும் என்பது. சக்கரம் சுற்றும்போது தரையைத் தொடுகிற இடத்தில் டயர் ஒவ்வொரு தடவையும் நசுங்கி விரிகிறது. தடித்த, விறைப்பான உடம்பு நசுங்கும்போது நம் காலின் உழைப்பைச் சூடாக மாற்றிவிடுகிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உருளும் தடைக் கெழு 0.004 உள்ள நல்ல டயருக்கு ஏறக்குறைய 17 வாட் போகும். 0.008 உள்ள முரட்டு டயருக்கு 35 வாட் போகும். நிதானமாக மிதிக்கிற ஆள் 100 வாட் கொடுக்கிறார் என்றால் அந்த வித்தியாசமே அவருடைய உழைப்பில் ஆறில் ஒரு பங்குக்கு மேல். காணிப்பாக்கம் திருப்பத்தைத் தாண்டிய பிறகு வெயிலில் எதிர்க்காற்றோடு மிதிக்கிறவர்களுக்கு அந்தப் பங்கு என்னவென்று சொல்லத் தேவையில்லை. எடை குறைந்த டயர் எல்லாமே நன்றாக உருளும் என்று அர்த்தமில்லை. ரப்பர் கலவைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரே அகலத்தில் இரண்டு டயர். ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு கனம் என்றால், எது சுறுசுறுப்பாக ஓடும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

இரண்டாவது, பஞ்சர். இங்கேதான் ஊர் வருகிறது. எங்கள் பக்கத்துச் சாலையோரங்களில் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கிறது. வெட்டிப்போட்ட முள் ரோட்டுக்கு வரும். மண் பாதைக்கு இறங்கினால் நெருஞ்சி. நெடுஞ்சாலையில் இதெல்லாவற்றையும்விட மோசமானது, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறுகிற மெல்லிய எஃகு இழை. கண்ணுக்கே தெரியாது, குத்தினால் உடனே காற்று இறங்காது, அரை மணி நேரம் கழித்துத்தான் பின்பக்கம் தொய்வது தெரியும். கல் ஏற்றிப் போகிற வண்டிகளிலிருந்து விழுந்த ஜல்லித் துகளும் உண்டு. சீமைக்கருவேல முள் சென்டிமீட்டர் கணக்கில் நீளம். அதை எந்த டயரும் முழுசாகத் தடுக்காது. நெருஞ்சியையும் எஃகு இழையையும் தடிமனும் நடுவில் வைத்த பாதுகாப்புப் பட்டையும் ஓரளவு தடுக்கும். ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் என்ற ஜெர்மன் கம்பெனி டயரில் ஐந்து மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு ரப்பர் அடுக்கே உள்ளே வைத்திருக்கிறார்கள். அகலமான அளவுகளில் அதன் ஒரு டயர் ஒரு கிலோவை நெருங்கும். அந்தக் கனம் காரணத்தோடு வந்த கனம். ஆனால் பாதுகாப்புப் பட்டை ஒன்றுமே இல்லாமல், தடித்த நைலான் இழைகளுக்கு நடுவே ரப்பரை அள்ளிப் பூசியதால் மட்டும் 700 கிராம் வருகிற டயரும் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எடையோடு இன்னும் ஒன்றிரண்டு விவரம் வேண்டும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

மேட்டில் ஏறுகிற விஷயத்தில் மட்டும் எடையைப் பற்றி அளவுக்கு மீறிச் சொல்கிறார்கள். சக்கர விளிம்பில் குறைகிற ஒரு கிராம் இரண்டு கிராமுக்குச் சமம் என்பார்கள். நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும்போது அது உண்மைதான். விளிம்பு முன்னாலும் போகவேண்டும், சுற்றவும் வேண்டும். ஆனால் மொகிலி மலைச்சாலையில் ஒரே சீராக மிதித்து ஏறும்போது ஒரு கிராம் ஒரு கிராம்தான். இரண்டு டயரிலும் சேர்த்து 400 கிராம் குறைத்தீர்கள் என்றால், 80 கிலோவில் அது அரை சதவீதம். ஒரு மணி நேர ஏற்றத்தில் 18 விநாடி. சென்னையிலிருந்து 200 கிலோமீட்டர் பிரெவே என்ற நெடுந்தூரச் சவாரி ஓட்டுகிறவர்களுக்கு மொத்தம் பதின்மூன்றரை மணி நேரம் கெடு. அதில் ஒரே ஒரு பஞ்சர் ஒட்ட ஆகிற கால் மணி நேரம், இந்த மாதிரி எத்தனையோ 18 விநாடிகளை விழுங்கிவிடும். அதனால் எடை குறைந்ததைத் தேடு என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. எடையைத் தெரிந்துகொண்டு வாங்கு என்றுதான் சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு.

இப்போது தேடுகிற முறைக்கு வருவோம்.

முதலில் அளவை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பழைய டயரின் பக்கவாட்டில் 28-622, 32-622, 40-635 என்கிற மாதிரி ஓர் எண் ஜோடி அச்சாகியிருக்கும். முதல் எண் அகலம். இரண்டாவது எண், டயர் ரிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இந்த இரண்டாவது எண்தான் உயிர். 700சி என்பது 622. அதே 622-ஐ 28 அங்குலம் என்றும் விற்பார்கள், மலைச் சைக்கிளாக இருந்தால் 29 அங்குலம் என்றும் விற்பார்கள். ஆனால் நம் ஊர்க் கறுப்பு சைக்கிளின் 28 × 1½ வேறு, அது 635. விட்டத்தில் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். '28 இன்ச்' என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். ஒன்று இன்னொன்றின் ரிம்மில் உட்காரவே உட்காராது. ஆகவே அங்குலத்தை மறந்துவிட்டு இந்த எண் ஜோடியைத் தேடுங்கள். எடைப் பட்டியல்களும் பெரும்பாலும் இதைத் தலைப்பாக வைத்துத்தான் இருக்கும்.

இரண்டாவது, விற்பனைப் பக்கத்தை விட்டு வெளியே வந்து தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். ஷ்வால்பே, கான்டினென்டல், விட்டோரியா, மேக்சிஸ் போன்றவர்கள் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி வரிசை போட்டு, எடையைக் கிராமில் தருகிறார்கள். டெகாத்லான் தன் டயர்களின் விவரக் குறிப்பில் எடை சொல்வதுண்டு. உதாரணமாக, கான்டினென்டல் கிராண்ட் பிரி 5000 என்ற பந்தய டயர் 2018-இல் வெளிவந்தபோது 25 மில்லிமீட்டருக்கு 215 கிராம், 28-க்கு 235, 32-க்கு 290 என்று கம்பெனி சொன்னது. இந்த ஏறுவரிசையைக் கவனியுங்கள். அகலம் கூடினால் எடை கூடியே ஆக வேண்டும். விற்பனைப் பக்கத்தில் 25, 28, 32 மூன்றுக்கும் ஒரே எடை போட்டிருந்தால், அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை. 500 கிராம், 1 கிலோ என்று முழு எண்ணாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். உண்மையாகத் தராசில் வைத்த டயர் அவ்வளவு அழகான எண்ணைக் காட்டாது.

நம் நாட்டுக் கம்பெனிகளின் டயர்கள் விஷயத்தில்தான் எனக்கு மனம் வருத்தம். லூதியானாவின் ரால்சன், மெட்ரோ என்று பல காலமாகச் சைக்கிள் டயர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சைக்கிள், ரிக்ஷா டயர்களுக்கென்று ஐஎஸ் 2414 என்ற இந்தியத் தரக் குறியீடே இருக்கிறது. எங்கள் பக்கமே டயர் பூமிதான். சின்னபாண்டூரில் அப்போலோவின் கார், லாரி டயர் ஆலை 2020 ஜூனில் ஓட ஆரம்பித்தது. அப்போது அது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்த பிறகு திருப்பதி மாவட்டம். இவ்வளவு இருந்தும், இங்கேயே செய்து இங்கேயே விற்கிற ஒரு சாதாரண 700சி டயரின் எடையை இணையத்தில் தேடினால், நான் தேடியவரை, பெரும்பாலும் கிடைப்பதில்லை. கடல் தாண்டி வருகிற டயரின் எடை கிராம் சுத்தமாகத் தெரிகிறது. ஆலையில் இதை அளக்காமலா இருப்பார்கள்? ஒவ்வொரு டயருக்கும் எவ்வளவு ரப்பர், எவ்வளவு இழை என்று கணக்கு இல்லாமல் உற்பத்தியே நடக்காது. அந்த எண் ஆலையின் பதிவேட்டில் இருக்கிறது. அட்டையில் ஒரு வரியாக அச்சிடுவதற்குச் செலவே இல்லை. இதை அந்தக் கம்பெனிகளின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

மூன்றாவது, எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய விவரங்கள். டயர் மடிக்கிறதா, கம்பி வைத்ததா என்று தெரிய வேண்டும். மடிக்கிற டயரில் எஃகுக் கம்பிக்குப் பதில் கெவ்லார் மாதிரி இழைக் கயிறு இருக்கும். அடுத்தது டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்பது. 27, 30 என்றால் தடித்த நூல், 60 நடுத்தரம், 120 மெல்லியது. இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில கம்பெனிகள் அடுக்குகளைக் கூட்டிச் சொல்வார்கள். மேலே சொன்ன கிராண்ட் பிரி 5000-க்கு 330 என்று போடுவது மூன்று அடுக்கையும் சேர்த்த கணக்கு. ஓர் அடுக்கில் 110தான். பாதுகாப்புப் பட்டை உண்டா, இல்லையா என்பது கடைசி. இந்த மூன்றும் எடையும் தெரிந்தால், முன்பு சொன்ன 'காரணத்தோடு வந்த கனம்' எது, வெறும் ரப்பர் கனம் எது என்று வீட்டில் உட்கார்ந்தே பிரித்துவிடலாம்.

நான்காவது, வாங்கியவர்கள் போட்ட படங்கள். மதிப்புரைகளை நட்சத்திர வரிசையில் படிக்காமல், படம் உள்ளவற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். எப்போதாவது ஒருவர் சமையலறைத் தராசில் டயரை வைத்துப் படம் எடுத்திருப்பார். எனக்கு அந்த முகம் தெரியாத ஆட்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. டயர்களை வாங்கித் தாங்களே எடைபோட்டு, உருளையில் ஓட்டி அளந்து வெளியிடுகிற 'பைசைக்கிள் ரோலிங் ரெசிஸ்டன்ஸ்' என்ற தளமும் உண்டு. கம்பெனி சொன்ன எடையையும் தாங்கள் அளந்த எடையையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள். ஆனால் நம் ஊரில் நானூறு ரூபாய்க்கும் ஐநூறு ரூபாய்க்கும் விற்கிற டயரை அங்கே தேடினால் இருக்காது.

திருப்பதியில் படிக்கிற ஒரு தம்பிக்காகச் சமீபத்தில் இந்த வேலையை முழுசாகச் செய்தோம். சனிக்கிழமைகளில் சைக்கிளிலேயே சித்தூருக்கு வருகிற பையன். ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பி, "அண்ணா, ஒன்றரை கிலோன்னு போட்டிருக்காங்க, வேண்டாமா?" என்று கேட்டான். பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அது இரண்டு டயர் சேர்ந்த விலை. பெட்டியின் அளவு கீழே சிறிதாக இருந்தது. பெருக்கி வகுத்தால் அதே ஒன்றரை வந்தது. டயருடைய எடையே அதில் இல்லை. தலைப்பில் இருந்த மாடல் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் பிடிஎஃப் பட்டியலைக் கண்டுபிடித்தோம். 28-622, மடிப்பு, 60 டிபிஐ, 330 கிராம் என்று ஒரு வரிசை. கம்பி வைத்ததுக்கு வேறு வரிசை, வேறு எடை. விற்பனைப் பக்கத்தில் இதில் எது என்று சொல்லவில்லை. கேள்வி கேட்கிற பெட்டியில், "டயர் மட்டும் எத்தனை கிராம்? பெட்டியோடு வேண்டாம். மடிப்பா, கம்பியா?" என்று எழுதச் சொன்னேன். மறுநாள் பதில் வந்தது: மடிப்பு. எடைக்குப் பதில் இல்லை. ஆனால் மடிப்பு என்று தெரிந்ததும் பட்டியலில் எந்த வரிசை என்பது உறுதியாகிவிட்டது. வந்ததும் விடுதிக்குப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தான். ஒன்று 338, இன்னொன்று 344. "அண்ணா, பத்துப் பதினைந்து கிராம் ஜாஸ்தியா இருக்கே" என்றான். அது சகஜம். ஒரே அச்சில் வார்த்த டயர்களுக்குள்ளேயே ஐந்து சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கும்.

ஐந்து சதவீதம் வேறு, ஐம்பது சதவீதம் வேறு. 290 கிராம் மடிப்பு டயர் என்று விளம்பரம் செய்துவிட்டு 450 கிராம் கம்பி டயரை அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கே நடந்தது. அங்கே நமக்குச் சட்டம் துணைக்கு இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் பொருளில் இல்லை என்றால் விற்பவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. எடையைப் பக்கத்தில் சொல்லியிருந்தால் அதுவும் சொன்ன அம்சம்தான். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் ஒன்று: ரிம்மில் மாட்டிய டயரைத் திருப்பி எடுக்க வைப்பது கஷ்டம். அதனால் பெட்டியைத் திறந்ததும், மாட்டுவதற்கு முன்னால், அட்டையும் தராசின் எண்ணும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுத்துவிடுங்கள். வாங்குவதற்கு முன்பே விற்பனைப் பக்கத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதை அப்புறம் மாற்றிவிட முடியும்.

எடை குறைப்பதுதான் நோக்கம் என்றால், டயரைவிட ட்யூபில் அது சுலபமாகவும் மலிவாகவும் நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒல்லி டயருக்குப் போடுகிற சாதாரண ரப்பர் ட்யூப் 100 கிராம் அளவு. இப்போது வருகிற டிபியு என்ற பிளாஸ்டிக் ட்யூப் 35, 40 கிராம்தான். ட்யூபின் பக்கங்களில் எடையைப் பெரிதாகவே போடுகிறார்கள், அதுதான் அதன் பெருமை என்பதால். பஞ்சரானால் அதற்கென்று தனி ஒட்டுத்துண்டு வேண்டும். சாலையோரப் பஞ்சர் கடை சொல்யூஷன் அதில் ஒட்டாது. பூதலப்பட்டுக்கும் சந்திரகிரிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள விருப்பமில்லாதவர்கள் பையில் ஒரு சாதாரண ட்யூபைச் சுருட்டி வைத்துக்கொண்டு போவது நல்லது.

இந்தத் திருப்பதி-சித்தூர் சாலைக்கு, என் கருத்தில், 28 அல்லது 32 அகலத்தில் 320-இலிருந்து 420 கிராம் வரை, மடிப்பு, 60 டிபிஐ, ஏதாவது ஒரு பாதுகாப்புப் பட்டை. அதற்குக் கீழே போனால் எஃகு இழைக்கு நீங்கள் விருந்து வைக்கிறீர்கள். அதற்கு மேலே போனால் வெயிலில் கால் வலிக்கும். தினமும் மண் பாதையில் பள்ளிக்கோ தோட்டத்துக்கோ போகிறவர்கள் இதைக் கேட்க வேண்டாம்; அவர்களுக்குக் கனமான கம்பி டயர்தான் சரி. கடைத்தெருப் பெரியவரிடம் வாங்கினால் அவரே மாட்டியும் தருவார்.

வாங்கியவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். மதிப்புரையில் 'சூப்பர்', 'நல்ல தரம்' என்று எழுதுகிற இடத்தில் அளவு, மடிப்பா கம்பியா, டயர் மட்டும் எத்தனை கிராம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். விற்பவர் எழுதாததை வாங்கியவர் எழுதலாம். அந்தத் திருப்பதித் தம்பி தராசுப் படத்தோடு அப்படித்தான் எழுதினான்: '28-622, மடிப்பு, 60 டிபிஐ, 338 கிராமும் 344 கிராமும், பெட்டி இல்லாமல்.' இரண்டு நாளில் அதற்குக் கீழே யாரோ ஒருவர், எந்த அளவு ட்யூப் போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவனும் பதில் போட்டுவிட்டான்.